பி.எஸ்சி. சைக்காலஜி முதல் வருடம், தமிழ் மீடியம்: தொடர்வதா, பி.காம். மாறுவதா?

கரிசல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், காமர்ஸ் குரூப். இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சைக்காலஜி முதல் வருடம், இரண்டாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் படிப்பை நான் எடுத்ததற்கு என் சித்திதான் காரணம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சித்திக்குப் பிள்ளை பிறந்தது. அதற்கு அப்புறம் அவர் யாரோடும் பேசவில்லை, பிள்ளையைத் தூக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள், ஒரு கோயிலில் மூன்று வெள்ளிக்கிழமை தங்க வைத்தார்கள், ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். அப்புறம் இன்னொரு அறையில் ஒரு அக்கா சித்தியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மூன்றாவது தடவை போய்விட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சித்தி தானாகவே எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அது எனக்கு மறக்கவே இல்லை. அந்த அக்கா உள்ளே என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு.

இங்கே வந்து பார்த்தால் நரம்பு செல், ஹார்மோன், ஸ்டாண்டர்டு டீவியேஷன், கோரிலேஷன் என்று போகிறது. புத்தகம் முழுக்க ஆங்கிலம், ஒரு பக்கம் படிக்க நாற்பது நிமிடம் ஆகிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், போன வாரம் லேபில் நடந்ததுதான் மனதை உடைத்துவிட்டது. ஸ்ட்ரூப் டெஸ்ட் செய்தோம். முதல் அட்டையில் வெறும் வண்ணக் கட்டங்கள், நாற்பது. அவற்றின் நிறத்தை வேகமாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது அட்டையில் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயர்கள் வேறு நிற மையில் அச்சடித்திருக்கும், அதாவது ‘ரெட்’ என்ற சொல் பச்சை மையில் இருக்கும், நாம் ‘கிரீன்’ என்று சொல்ல வேண்டும். எனக்கு முதல் அட்டை 38 விநாடி, இரண்டாவது 44. என் ஜோடி ஊட்டியில் கான்வென்டில் படித்தவள், அவளுக்கு 30, அப்புறம் 49. லேபில் இருந்தவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “இரண்டாவது அட்டைக்கு நேரம் நல்லா கூடணும், உனக்குக் கூடவே இல்லை, நீ இன்ஸ்ட்ரக்‌ஷன் புரியாமல் செய்திருக்கிறாய், தமிழ் மீடியம்தானே” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ரீடிங்கை மாற்றி எழுதச் சொன்னார். நானும் 38, 55 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு இது என்ன படிப்பு என்றே புரியவில்லை. “மூணு வருசம் முடிச்சா டாக்டரா, வாத்தியாரா, என்னன்னு சொல்லு” என்கிறார். எனக்கே சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடம் ஊர்ப் பக்கமே பி.காம். சேர்ந்துவிடு என்கிறார். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தொடரலாமா?


வார்டு_ஏழு:

தங்கச்சி, நான் ஒரு அரசு மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உன் சித்தியோடு பேசினாரே ஒரு அக்கா, அந்த நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடப் பட்டத்தை வைத்துக்கொண்டு நீ அந்த நாற்காலியில் உட்கார முடியாது. யாருக்கும் சிகிச்சை தர முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று தெளிவாகவே சொல்கிறது: உளவியலில் முதுகலை, அதற்கு மேல் மருத்துவமனையில் மேற்பார்வையோடு இரண்டு வருட முழுநேரப் பயிற்சி கொண்ட எம்.ஃபில்., அதுவும் ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தோடு. ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992 சட்டப்படி வந்தது. அதன் பதிவேட்டில் நம் பெயர் இருக்க வேண்டும். ஆக மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் ஏழு வருடம். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு, மூன்று வருடம் கழித்துச் சொன்னால் ஏமாற்றியது போல இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் நீ படிக்கிறாய். எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் விதிவிலக்குக் கொடுத்து 2025-26 வரை நீட்டித்தார்கள். நீ முதுகலை முடிக்கும்போது இந்தப் பயிற்சி வேறு பெயரில் இருக்கலாம். பெயரைப் பார்க்காதே, அந்தப் படிப்புக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார். எம்.எஸ்சி.யை அஞ்சல் வழியில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது.

சரி, வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நிறையப் பேர் சோபாவில் சாய்ந்து பேசுவது என்று நினைக்கிறார்கள். என் வாரத்தில் ஒரு முழு நாள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகக் குழந்தைகளைச் சோதிப்பதிலேயே போகும். அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் சோதனை ஒன்று, அன்றாட வேலைகளைத் தானாகச் செய்துகொள்கிறதா என்று பார்க்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் ஒன்று. வைன்லேண்டில் குழந்தையைக் கேட்க மாட்டோம், அம்மாவைக் கேட்போம். போன மாதம் ஒரு அம்மா ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். “தானாகச் சட்டை போட்டுக்கொள்வானா?” என்று கேட்டேன். “போடுவான் சார்” என்றார் உடனே. கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அவர் பதில் சொன்ன வேகம் எனக்கு இடித்தது. “பொத்தான் யாரும்மா போடுவா?” என்றேன். “நான்தான்.” “எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று அவனுக்குத் தெரியுமா?” பேசாமல் இருந்தார். அப்புறம் அழுதுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. தன் பிள்ளையை ஒரு வெளி ஆளிடம் விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனது வரும்? ஆனால் அந்த ஒரு டிக் தப்பாக விழுந்து, அதைப் போல இன்னும் நாலைந்து விழுந்தால், மதிப்பீடு மாறும். சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய சலுகைகளில் பெரும்பகுதி கிடைக்காது. அளவிடுவது என்பது இவ்வளவு பெரிய பொறுப்பு. நீ ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன் எதற்கு’ என்று கேட்கிறாய் இல்லையா, அந்தப் பையனின் மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சொல்கிற கோல் அதுதான்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அறைக்கு வரும் யாரும் ‘டிப்ரெஷன்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “மனசு பாரமா கெடக்கு”, “எதுலயும் பிடிப்பு இல்ல”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “உடம்பெல்லாம் எரியுது, எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லங்கறாங்க” இப்படித்தான் வருவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் படித்து வந்த பயிற்சி மாணவர்கள் சிலர் இங்கே திணறுவதைப் பார்க்கிறேன், நோயாளி சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுதும்போது பாதி காணாமல் போய்விடும். நீ கரிசல் காட்டுப் பேச்சோடு வருகிறாய். ஆங்கிலத்தை ஒரு வருடத்தில் பிடித்துவிடலாம், இதை அப்படிப் பிடிக்க முடியாது.

கடைசியாக, உன் சித்திக்கு வந்தது போல வீட்டிலோ விடுதியிலோ யாருக்காவது வந்தால் ஏழு மாதம் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ், எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.


பழைய_லேப்_பீரோ:

அம்மாடி, நான் முப்பது வருடம் இந்தப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உன் ஸ்ட்ரூப் கதையைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், அவ்வளவு வருத்தம்.

நீ தப்பாகச் செய்யவில்லை. உன் 38, 44 சரியான ரீடிங். ஏன் என்று சொல்கிறேன். ஸ்ட்ரூப் 1935இல் அதை வெளியிட்டார். அதில் நேரம் கூடுவதற்குக் காரணம், படிப்பு நமக்குத் தானாக நடந்துவிடுகிறது என்பது. எழுத்து கண்ணில் பட்டால் போதும், வேண்டாம் என்றாலும் வாசித்துவிடுகிறோம். அந்தச் சொல்லும் நாம் சொல்ல வேண்டிய நிறமும் வாயில் மோதிக்கொள்கின்றன, அதனால் தாமதம். அப்படியென்றால் எந்த மொழியில் உனக்கு வாசிப்பு அவ்வளவு தானாக நடக்கவில்லையோ அந்த மொழியில் மோதலும் குறைவாகத்தான் இருக்கும். ஊட்டிப் பெண்ணுக்கு ஆங்கிலம் கண்ணைப் பறிக்கிறது, 19 விநாடி. உனக்கு அது இன்னும் பாதி படம்தான், 6 விநாடி. இரண்டு மொழி பேசுகிறவர்களிடம் இந்தச் சோதனையை வைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறார்கள், கைவந்த மொழியில் மோதல் கூடுதலாக இருப்பது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனி, முதல் அட்டையிலேயே நீ 38, அவள் 30. நிறத்தின் ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொடுக்கவே உனக்கு நேரமாகிறது. ஒரு நல்ல ஆசிரியர் இந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பார். உன் கையில் இருந்தது ஒரு கண்டுபிடிப்பு, அதை அடித்துவிட்டு 55 எழுத வைத்துவிட்டார்கள்.

அந்த 55 பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைச் செய்யச் சொன்னவர் மேல் கோபம் இருந்தாலும் எழுதியது உன் கை. இனிமேல் செய்யாதே. யார் சொன்னாலும், மதிப்பெண் போனாலும் செய்யாதே. நம் துறைக்கு இதனால் வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2015இல் ஒரு பெரிய குழு உளவியல் இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் வெளிவந்தபோது 97 சதவீதம் ‘விளைவு உண்டு’ என்று சொல்லியிருந்தன, திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது வந்தது. எல்லாமே மோசடி என்று அர்த்தம் இல்லை, சின்னக் கூட்டத்தில் எடுத்த எண்கள், வந்ததை விட்டு வர வேண்டியதைத் தேடும் பழக்கம், நல்ல முடிவை மட்டும் அச்சேற்றும் இதழ்கள் என்று எத்தனையோ காரணம். ஆனால் எல்லாம் தொடங்குவது இப்படி ஒரு லேபில், ‘நேரம் கூடணுமே’ என்று யாரோ சொல்லி, யாரோ பேனாவை எடுக்கும் இடத்தில்தான். நான் படித்த காலத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நீலகிரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அம்புக்குறி வைத்த இரண்டு கோடுகள் இருக்குமே, நீளம் ஒன்றாக இருந்தும் ஒன்று நீளமாகத் தெரியும், முல்லர்-லயர் மாயத்தோற்றம், உங்களுக்கும் மரப்பலகையில் வைத்துச் செய்யச் சொல்லியிருப்பார்கள். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் அதைச் செய்து பார்த்தார். இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. 1905இல் அது கட்டுரையாக வந்தது. ஏன் அப்படி என்பதில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது, சுவரும் மூலையும் நிறைந்த வீடுகளில் வளர்வதால் கண் அப்படிப் பழகிவிடுகிறது என்பது ஒரு கட்சி. அதை விடு. நான் சொல்ல வருவது, அந்த எண்களைப் பார்த்து ‘தோடர்களுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் புரியவில்லை’ என்று அவர் மாற்றி எழுதியிருந்தால் நமக்கு அது தெரிந்தே இருக்காது.

இப்போது உனக்கு ஒரு வேலை தருகிறேன். வரைபடத்தாளில் தமிழில் ஒரு ஸ்ட்ரூப் அட்டை செய். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஒவ்வொன்றும் பத்து முறை, எதுவும் அடுத்தடுத்து இரண்டு வராமல் கலைத்துப் போடு. நிறத்தையும் தமிழில் சொல்லு. உனக்கு நீயே செய்து பார், ஊட்டிப் பெண்ணுக்கும் செய். ஏற்கெனவே செய்து பழகியதால் நேரம் குறைந்திருக்கலாம், அதை மறந்துவிடாதே. அதனால் புதிதாக ஆள் சேர்க்கும்போது பாதிப் பேருக்குத் தமிழ் அட்டை முதலில், பாதிப் பேருக்கு ஆங்கில அட்டை முதலில்.

புள்ளியியலுக்குப் பயப்படாதே. உன் ஊருக்கு இரண்டு மினி பஸ் வருகிறது என்று வைத்துக்கொள். இரண்டுமே சராசரியாக எட்டு பத்துக்கு வரும். ஒன்று எட்டு எட்டுக்கும் எட்டு பன்னிரண்டுக்கும் நடுவில் வந்துவிடும். இன்னொன்று ஒரு நாள் ஏழு ஐம்பத்தைந்துக்கே போய்விடும், ஒரு நாள் எட்டு இருபத்தைந்து ஆகும். பரீட்சை நாளில் எந்தப் பஸ்ஸை நம்புவாய்? இரண்டு பஸ்ஸுக்கும் சராசரி ஒன்று, சிதறல்தான் வேறு, அந்தச் சிதறலை அளப்பதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன். இரண்டு பஸ்ஸின் சராசரியும் உண்மையிலேயே வேறா, அல்லது நாம் பார்த்த ஐந்து நாளில் தற்செயலாக அப்படித் தெரிந்ததா என்று கேட்டால் அது டி டெஸ்ட். சூத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டுக்கொள். நீ காமர்ஸ் படித்தவள், கணக்கு உனக்கு வராமல் போகாது.

ஆங்கிலத்துக்கு, என்.சி.இ.ஆர்.டி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு சைக்காலஜிப் புத்தகங்களை இறக்கிக்கொள், இலவசம். கல்லூரிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்னால் அதே பாடத்தை அதில் படி, மொழி எளிமை, எடுத்துக்காட்டுகள் நம் ஊர் சார்ந்தவை. படித்ததை இரவு ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் தமிழில் சொல்லு. எங்கே சொல்ல வரவில்லையோ அங்கேதான் உனக்குப் புரியவில்லை.


ராஜி_பீளமேடு:

மேலே ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. நான் கொஞ்சம் வேறு பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் பி.எஸ்சி. சைக்காலஜி என்றாலே எல்லோரும் கிளினிக்கல் பற்றியே பேசுகிறோம், அதற்கான இடங்கள் குறைவு, ஏழு வருடம் எல்லா வீட்டாலும் தாங்க முடியாது. என்னால் முடியவில்லை, அப்பா இல்லாத வீடு. நான் பி.எஸ்சி. முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே சேர்த்து வைத்த பணத்தில் எம்.எஸ்சி. முடித்தேன், இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யூசர் ரிசர்ச். ஒரு செயலியை ஆட்டோ ஓட்டும் அண்ணன் கையில் கொடுத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, குறித்துக்கொள்வது, எண்ணுவது. ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்டால் எல்லோரும் ‘நல்லாருக்கு மேடம்’ என்றுதான் சொல்வார்கள். வார்டு ஏழு அண்ணன் சொன்ன பொத்தான் கேள்வி போல ஒன்று கேட்டால்தான் உண்மை வரும். அந்தப் பழக்கம் எனக்குப் பிராக்டிகல் வகுப்பில்தான் வந்தது.

என் செட்டில் ஒருத்தி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர், அதற்கு உளவியலில் பட்டம் போதும், ஆனால் ஒப்பந்த வேலை என்பதை மறைக்கக் கூடாது. ஒருத்தன் ஹெச்.ஆர். இன்னொருத்தி சிவில் சர்வீஸுக்குப் படிக்கிறாள், யு.பி.எஸ்.சி.யில் சைக்காலஜி விருப்பப் பாடமாக இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளில் பட்டம் கேட்கிற பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் செல்லும், ஆகவே ‘அரசு வேலைக்குப் போக முடியாது’ என்று அப்பா பயப்பட்டால் அந்தப் பயம் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. இரண்டாம் வருடத்தில் நான் ஒரு இடத்தில் பத்து நாள் ‘கவுன்சலிங் சான்றிதழ்’ வகுப்புக்குப் பணம் கட்டினேன், அம்மாவின் ஒரு ஜோடி கம்மலை அடகு வைத்த பணம். கடைசி நாளில் சான்றிதழைக் கொடுத்து, ‘நீங்க இனிமே கவுன்சலர்’ என்றார்கள். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்து அழுதார், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கை நடுங்கியது, எதையோ உளறி அனுப்பினேன். அவர் அப்புறம் ஒரு டாக்டரிடம் போய் நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த மதியத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்தக் காசுக்கு நீ ஒரு பழைய லேப்டாப் வாங்கு. ஜமோவி, ஜாஸ்ப், ஆர், மூன்றும் இலவசப் புள்ளியியல் மென்பொருள்கள். உன் ஸ்ட்ரூப் எண்களை அதில் போட்டுப் பழகு. எனக்கு வேலை வாங்கித் தந்தது அதுதான்.


வைகைக்கரை:

நான் படிச்சவன் இல்ல, என் மகள் இதே படிப்பு முடித்து இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் வருடம். உங்க அப்பா கேட்ட கேள்வியை நானும் கேட்டவன், அதனால் எழுதுகிறேன். எங்களுக்குப் பயம் ரெண்டு, பணம் ஒன்று, ஊர் வாய் ஒன்று. “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா” என்று என் அண்ணனே கேட்டார். மகள் என்னிடம் ஒரு நாள் ஒரு பேப்பரில் எந்த வருடம் என்ன படிப்பு, எவ்வளவு செலவு, எந்த இடத்தில் நிறுத்தினாலும் என்ன வேலை கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தாள். தெரியாததுக்கு எதிரே ‘தெரியாது’ என்றே எழுதியிருந்தாள். அந்தப் பேப்பரைப் பார்த்த அப்புறம்தான் எனக்குச் சமாதானம் ஆச்சு. மகளே, உங்க சித்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசுங்க. அவங்களைவிட யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லிவிட முடியாது.


கரிசல்மண்:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாள் ஆகிவிட்டது, சும்மா நன்றி சொல்ல வேண்டாம், செய்துவிட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன்.

தமிழ் அட்டை செய்தேன். விடுதியில் ஸ்கெட்ச் பேனா வாங்கி நானே எழுதினேன், மஞ்சள் வெள்ளைத் தாளில் சரியாகத் தெரியவில்லை, அதனால் மஞ்சளை எடுத்துவிட்டுக் கறுப்பு வைத்தேன். எனக்குத் தமிழில் கட்டங்கள் 31 விநாடி, சொற்கள் 50. பத்தொன்பது விநாடி வித்தியாசம்! அடுத்து ஊட்டிப் பெண், அவள் வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கு 34, 41. ஏழுதான். நாங்கள் இரண்டு பேரும் விநாடிக் கடிகாரத்தையும் ஒருத்தரை ஒருத்தரும் மாறி மாறிப் பார்த்தோம். அவளே, “ஏய், நானும் நீயும் அப்படியே தலைகீழ்டீ” என்றாள்.

அடுத்த நாள் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் துறையில் இன்னொரு மேடத்திடம் போனேன். 55 என்று மாற்றி எழுதியதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் திட்டவில்லை. என் ரெக்கார்டில் 55ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 44 என்று எழுதி, தேதி போட்டு என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். பழைய எண் அழியாமல் தெரிய வேண்டும், அதுதான் முறை என்றார். முதல் வருடத்தில் தமிழ் மீடியம் இருபது பேர், ஆங்கில மீடியம் இருபது பேர் எடுத்துச் செய், லேபைத் திறந்து வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். இதுவரை பதினோரு பேர் ஆகியிருக்கிறது. இரண்டு பேருக்கு நாங்கள் நினைத்தது போல வரவில்லை. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஊருக்குப் போயிருந்தேன். வைகைக்கரை ஐயா சொன்ன மாதிரி பேப்பர் எழுதினேன், ஏழு வருடம் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. சித்தி அடுப்படியிலிருந்து வந்து, “அன்னைக்கு அந்தப் பொண்ணு என்னய ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு மாமா. ராத்திரி கடைசியா எப்ப முழுசா தூங்குனீங்கன்னு கேட்டுச்சு. அதுவரைக்கும் எவரும் என்னய அத கேக்கல” என்றார். பிள்ளையை ஏன் தூக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறோம், நான் உட்பட. அப்பா, “சரி, பி.எஸ்சி.ய முடி, மத்தத அப்புறம் பாப்போம்” என்றார். இப்போதைக்கு எனக்கு இது போதும்.

லேப் பீரோ அம்மாவுக்கு ஒரு கேள்வி. மஞ்சளுக்குப் பதில் கறுப்பு வைத்தேன் இல்லையா, ஆங்கில அட்டையில் மஞ்சள் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது சரியா?


பழைய_லேப்_பீரோ:

சரியில்லை. நீயே கண்டுபிடித்துக் கேட்டாய் பார், அதுதான் எனக்குச் சந்தோஷம். ஆங்கிலத்திலும் கறுப்பு வைத்துப் புது அட்டை செய், எழுத்தின் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். அந்தப் பதினோரு பேரை இதில் சேர்க்காதே, முன்னோட்டம் என்று தனியாக எழுதி வை. இருபது இருபதைப் புதிதாகத் தொடங்கு. அப்புறம் ஒன்று, கண் கூச்சமோ நிறக்குருடோ இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் முதலிலேயே கேட்டுக்கொள், அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.